தோட்டத்து மாணவரும் ஆபிரிக்க இலக்கியமும்

சபரகமுவ மாகாணம் இரத்தினபுரி, கேகாலை என்னும் இரு மாவட்டங்களால் ஆனது. மலையகம் என்றவுடன் நுவரெலியாவையும் அதன் பனி படர்ந்த தேயிலைச் சரிவுகளையும் நினைப்போர் இம்மாகாணத்துத் தோட்டங்களை மறந்துவிடுவது வழக்கம். இறக்குவானை, காவத்தை, பலாங்கொடைப் பக்கங்களில் தேயிலை. எட்டியாந்தோட்டை, தெரணியகலை, தெஹியோவிட்டப் பக்கங்களில் பெரும்பாலும் இறப்பர். விடியுமுன் பால்வெட்டும் கத்தியோடு புறப்படும் தாயும், கொழுந்துக் கூடையோடு மலையேறும் தாயும் இங்கே அடுத்தடுத்த தோட்டங்களில் வாழ்கின்றனர். சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறிக் கிடப்பவை இத்தோட்டங்கள். ஆதலால் இங்குள்ள தமிழ்ப் பாடசாலைகளும் சிதறியவை, பல சிறியவை. லயத்தில் தமிழ், கடைவீதியில் சிங்களம், பரீட்சைத் தாளில் ஆங்கிலம் என மூன்று மொழிகளுக்கிடையே நடந்து பழகுகிறது இங்குள்ள பிள்ளை.

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு ஆங்கில மொழி எல்லோர்க்கும் உரிய பாடம். ஆங்கில இலக்கிய நயம் அவ்வாறன்று. சித்திரம், சங்கீதம், நடனம் ஆகியவற்றோடு ஒரே தொகுதியில் வைக்கப்பட்டு, விரும்புவோர் தெரிந்தெடுக்கும் பாடம் அது. விருப்பம் மட்டும் இருந்தாற் போதாது; கற்பிக்க ஓர் ஆசிரியரும் இருத்தல் வேண்டும். ஆசிரியர் இல்லாத இடத்தில் பிள்ளைக்கு வாய்ப்பது அச்சிட்ட குறிப்பேடு ஒன்றே. வினாத்தாள் கவிதையிலிருந்தோ கதையிலிருந்தோ ஒரு பகுதியைத் தருகிறது. இதை இயற்றியவர் யார், இதில் அமைந்துள்ள அணி யாது, அந்த அணியால் விளையும் பயன் யாது என்று கேட்கிறது. முதல் இரண்டுக்கும் குறிப்பேடு விடை தரும். மூன்றாவது வினாவிலேதான் பிள்ளை தடுமாறுகிறது. 'இஃது உவமை, கவிதைக்கு அழகு சேர்க்கிறது' என்று எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குச் செல்கிறது. எந்தக் கவிதைக்கும் எழுதக்கூடிய இந்த விடை எந்தக் கவிதையையும் விளக்காது. பரீட்சகர் அதற்குப் புள்ளி வழங்கத் தயங்குவதில் வியப்பொன்றும் இல்லை.

இதில் வேடிக்கை என்னவெனில், அதே பிள்ளை முந்திய பாடவேளையில் தமிழாசிரியரிடம் உவமையணியும் உருவக அணியும் தற்குறிப்பேற்ற அணியும் கற்றுவிட்டு வந்திருக்கிறது. தமிழ் வகுப்பில் 'உவமை' என எழுதிய கை ஆங்கில வகுப்பில் 'சிமிலி' என எழுதுகிறது. இரண்டும் ஒரே பொருள் என்று அதற்கு எடுத்துச் சொல்வார் அரியர். தண்டியலங்காரம் பொருளணிகளை முப்பத்தைந்தாக வகுத்துக் காட்டுகிறது. அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே தொல்காப்பியர், உவமைக்கு ஓர் இயலையே ஒதுக்கி, ஒரு பொருளை மற்றொன்றோடு ஒப்பிடுவதற்கு அடிப்படை நான்கு என்றார்: வினை, பயன், மெய், உரு. இன்றைய நடையிற் கூறினால் செயல், விளைவு, வடிவம், நிறம். இந்த நான்கையும் கையில் வைத்திருக்கும் மாணவனுக்கு 'அணியின் பயன் யாது' என்னும் வினா அச்சந் தருவதன்று. ஒப்புமை எந்த இடத்தில் நிகழ்கிறது என்று கண்டுகொண்டால், புலவன் ஏன் ஒப்பிட்டான் என்பது தானே விளங்கும்.

ஓர் எடுத்துக்காட்டு. நைஜீரியாவில், நைஜர் ஆற்றின் கழிமுகப் பகுதியில் 1921இல் பிறந்தவர் கேப்ரியல் ஒகாரா. 2019இல் மறைந்த இக்கவிஞரின் 'முன்னொரு காலத்தில்' என்னும் பொருள்தரும் பெயர்கொண்ட ஆங்கிலக் கவிதை பல நாடுகளின் பள்ளிப் பாடத் தொகுப்புகளில் இடம்பெற்றது. ஒரு தந்தை மகனிடம் பேசுகிறார். முன்பெல்லாம் மனிதர் உள்ளத்தாலும் கண்ணாலும் சிரித்தனர். இப்போது பல்லால் மட்டும் சிரிக்கின்றனர். கண்ணோ பனிக்கட்டியாய்க் குளிர்ந்து கிடக்கிறது. வலக்கை வரவேற்க நீளும்போதே இடக்கை சட்டைப்பையைத் துழாவுகிறது. தாமும் அவ்வாறே ஆகிவிட்டதாகத் தந்தை ஒப்புக்கொள்கிறார்; வீட்டுக்கு ஒரு முகம், அலுவலகத்துக்கு ஒரு முகம், தெருவுக்கு ஒரு முகம் என ஆடை மாற்றுவதுபோல் முகம் மாற்றக் கற்றுக்கொண்டாராம். கண்ணாடியில் தம் சிரிப்பைப் பார்த்தால் பாம்பின் பல்லே தெரிகிறதாம். எனவே, உண்மையாய்ச் சிரிப்பது எப்படி என்று தமக்குக் கற்றுத்தருமாறு மகனையே வேண்டுகிறார்.

இனி நான்கு அடிப்படைகளைப் பொருத்திப் பார்க்கலாம். முகத்தை ஆடையோடு ஒப்பிட்டது வடிவம் பற்றியா? அன்று. நிறம் பற்றியா? அதுவும் அன்று. இடத்துக்கு ஏற்ப மாற்றி அணிதல் என்னும் செயல் பற்றியது, எனவே வினையுவமம். ஆடை உடம்பின் மேலே கிடப்பது, உடம்பன்று. அதுபோல் அம்முகமும் அவருடைய முகமன்று. பாம்பின் பல் எனும்போது வடிவம் ஒத்திருக்கிறது, நிறமும் ஒத்திருக்கிறது. அவற்றுக்கும் மேலாகப் பயன் ஒத்திருக்கிறது. பாம்பு பல்லைக் காட்டுவது நட்புக்காக அன்று. இவ்வளவையும் ஆங்கிலத்தில் எழுத மூன்று எளிய வாக்கியங்கள் போதும். அருஞ்சொற்கள் வேண்டியதில்லை.

இவ்விடத்தில் தோட்டத்துப் பிள்ளைக்கு நகரத்துப் பிள்ளையைவிட ஒரு வசதி உண்டு. முகம் மாற்றுதல் என்பது அதற்குப் புத்தகச் செய்தி அன்று. பிரட்டுக்களத்தில் துரைக்கு முன் நிற்கும் முகம் ஒன்று, கணக்கப்பிள்ளையிடம் பேர் குறைந்ததைக் கேட்கும் முகம் ஒன்று, இரவில் லயத்து வாசலில் அடுப்பு வெளிச்சத்தில் தெரியும் முகம் ஒன்று என்பதைப் பாட்டன்மாரைப் பார்த்தே அறிந்த வழியில் வந்தது அது. ஒகாரா பாடிய அலுவலக முகம் யாதென்பதை அதற்கு விளக்கத் தேவையில்லை. 'அட்டைபோல் ஒட்டிக்கொண்டான்' என்பது மழை ஓயாத சபரகமுவ மலைகளில் நாள்தோறும் கேட்கும் உவமை. இழவு வீட்டு ஒப்பாரியில் இறந்தவன் விளக்காகவும் நிழல்மரமாகவும் ஆகிறான். உருவகத்துக்கு இதனினும் சிறந்த பாடம் எந்தக் குறிப்பேட்டிலும் இல்லை.

ஆபிரிக்கா பற்றிய எழுத்து அனைத்தும் ஆபிரிக்க இலக்கியம் ஆகாது என்பதும் மாணவர் அறியவேண்டியது. சாதாரண தரப் பாடத்தில் இடம்பெற்ற 'வேட்டைக்காரன்' என்னும் கவிதையை எழுதிய எட்வர்ட் லோபரி ஆங்கிலேயர், தொழிலால் மருத்துவர். கதை மட்டும் ஆபிரிக்க நாட்டுக்கதை. சிங்க வேட்டைக்குச் சென்ற காக்வா என்பவன் காட்டில் ஒரு மண்டையோட்டைக் காண்கிறான். நீ எவ்வாறு இங்கு வந்தாய் என அவன் கேட்க, பேச்சே தன்னை இங்குக் கொணர்ந்ததாக அது விடை கூறுகிறது. அவன் அரசனிடம் ஓடி இவ்வதிசயத்தைச் சொல்கிறான். அரசனின் ஆட்களுக்கு முன் மண்டையோடு வாய் திறக்கவில்லை; பொய்யன் என்று காக்வா கொல்லப்படுகிறான். பின்னர் மண்டையோடு அவனைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்கிறது. அவனும் அதே விடையைச் சொல்கிறான். தவளை தன் வாயாற் கெடும் என்னும் பழமொழியை அறிந்த பிள்ளைக்கு இக்கதையின் முரண்சுவை உடனே பிடிபடும். பாத்திரம் அறியாததைப் படிப்பவர் அறிந்திருத்தல், நினைத்ததற்கு மாறாக முடிவு நேர்தல் என்பன ஆங்கிலத்தில் 'ஐரனி' எனப்படும் உத்தியின் கூறுகள். அச்சொல்லுக்குத் தமிழில் ஒரே சொல் தேடுவதைவிட இக்கதையை ஒருமுறை சொல்லிக் காட்டுவது பயன் தரும்.

அந்த உத்தியின் உச்சத்தைக் காண விரும்புவோர் சினுவா ஆச்சிபியிடம் செல்லவேண்டும். நைஜீரியாவின் இக்போ இனத்தவரான ஆச்சிபி 1930இல் பிறந்து 2013இல் மறைந்தார். அவருடைய முதல் நாவல் 1958இல் இலண்டனில் வெளிவந்தது. 1962இல் ஹைன்மன் நிறுவனம் தொடங்கிய ஆபிரிக்க எழுத்தாளர் வரிசை அந்த நாவலையே முதல் நூலாகக் கொண்டது. ஈழத்தவரான என்.கே. மகாலிங்கம் அதனைச் 'சிதைவுகள்' என்னும் பெயரில் தமிழாக்கியிருக்கிறார். ஒக்கொங்கோ என்னும் வீரனின் உழைப்பும் செருக்கும் வீழ்ச்சியும் நூல் முழுவதும் விரிகின்றன. வெள்ளையரான மாவட்ட ஆணையாளரோ இறுதிப் பக்கத்தில் அவ்வாழ்வு தாம் எழுதவிருக்கும் புத்தகத்தில் ஒரு பந்திக்கு ஆகும் என்று எண்ணுகிறார். நூல் முழுவதையும் படித்து முடித்தவர்க்கு அந்த ஒரு பந்தி எத்தகைய கொடுமை! செக்ரோலில் ஒரு பெயராகவும் ஓர் இலக்கமாகவும் மட்டும் எழுதப்பட்டுவந்த தலைமுறைகளின் பேரப்பிள்ளை இதனைப் படிக்கையில் அணியிலக்கணம் கற்பதோடு நின்றுவிடுவதில்லை.

தோட்டத்து மாணவர்க்கு மிக நெருங்கியவர் கென்யாவின் கூகி வா தியாங்கோ. அவர் 1938இல் பிறந்த ஊர் லிமுருவுக்கு அண்மையில் உள்ளது. கென்யாவில் தேயிலை முதன்முதல் நடப்பட்ட இடம் அந்த லிமுருவே, ஆண்டு 1903. 1964இல் வெளிவந்த அவருடைய நாவலின் பெயரை 'அழாதே குழந்தாய்' எனத் தமிழில் தரலாம். அதன் தொடக்கத்தில், பள்ளிக்குப் போக விருப்பமா என்று நிஜொரோகே என்னும் சிறுவனைத் தாய் கேட்கிறாள். வீடு வறுமைப்பட்டது, மற்றப் பிள்ளைகளைப்போல் நண்பகல் உணவு கிடையாது என்பதையும் முன்னதாகவே சொல்லிவிடுகிறாள். அதற்கும் இசைந்து சிறுவன் செல்கிறான். குடும்பத்தின் நம்பிக்கை முழுவதும் அவ்வொரு பிள்ளையின் புத்தகப் பையில் வைக்கப்படுகிறது. அங்கே ஆங்கிலப் பாடம் நடக்கிறது. நிற்பதையும் இருப்பதையும் ஆங்கிலத்தில் கூறும்படி ஆசிரியை கேட்க, 'நான்', 'நீ' என்பவற்றை இடம் மாற்றிச் சொல்லிச் சொல்லிப் பிள்ளைகள் குழம்புகின்றனர். தோட்டப் பாடசாலை எதிலேனும் ஒருநாள் அமர்ந்திருந்தவர் இக்காட்சியைப் படித்துச் சிரிக்காமல் இருத்தல் அரிது.

நிஜொரோகேயின் தந்தை கொத்தோ, ஹௌலண்ட்ஸ் என்னும் வெள்ளைத் துரையிடம் கூலிக்கு உழைக்கிறார். அவர் உழுது பேணும் நிலம் அவருடைய முன்னோர்க்கு உரியது. துரையும் அந்த நிலத்தை உயிராக நேசிக்கிறார், கொத்தோவும் நேசிக்கிறார். ஒரே மண்ணின்மீது இருவர் கொண்ட அன்பு, ஒருவர் மற்றவர் உள்ளத்தை அறியாமை, இவற்றின் மேலே கதை கட்டப்பட்டிருக்கிறது.

ஒற்றுமை காணும் ஆர்வத்தில் வேற்றுமையை மறைத்துவிடலாகாது. கொத்தோ தன் பாட்டன் மண்ணில் கூலியானவர். சபரகமுவத் தோட்டத்தவரின் முன்னோர் தமிழகத்திலிருந்து கடல் கடந்து வந்து, தமக்கு உரிமையில்லாத மண்ணைப் பண்படுத்தியவர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலோரை நாடற்றோர் ஆக்கியது. 1964இல் செய்யப்பட்ட சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சியோரின் நிலைக்கு வழிசெய்த சட்டம் 2003இலேதான் வந்தது. கொத்தோ இழந்தது நிலம். இவர்கள் நெடுங்காலம் இழந்திருந்தது நாடு என்னும் சொல்லையே. இவ்வேறுபாட்டை உணர்ந்து எழுதும் மாணவி 'இக்கதை எங்கள் கதைபோல் உள்ளது' என்று மட்டும் எழுதுபவளைவிட மேலான விடை எழுதுகிறாள்.

கூகியின் மற்றொரு செய்தி பரீட்சைக்கு அமரும் எவரையும் சற்று நிறுத்திச் சிந்திக்க வைப்பது. 'மனத்தைக் குடியேற்றத் தளையிலிருந்து விடுவித்தல்' என்னும் பொருள்பட 1986இல் அவர் வெளியிட்ட கட்டுரை நூலில் தம் பள்ளிப் பருவத்தை விவரிக்கிறார். 1952இல் அவசரநிலை வந்தபின் பள்ளிகள் குடியேற்ற ஆட்சியின் கைக்குச் சென்றன. தாய்மொழியான கிக்குயுவைப் பேசிப் பிடிபட்ட பிள்ளைக்குப் பிரம்படி கிடைத்தது. அல்லது இழிவுச்சொல் பொறித்த உலோகத் தகடு கழுத்தில் தொங்கவிடப்பட்டது. அவருடைய வகுப்பு மாணவன் ஒருவன் 1954இல் மற்றெல்லாப் பாடங்களிலும் சிறப்புத் தேர்ச்சி பெற்றும் ஆங்கிலத்தில் தவறியதால் பரீட்சை முழுவதிலும் தவறியவன் ஆக்கப்பட்டான்; பேருந்து நிறுவனமொன்றில் எடுபிடி வேலைக்குச் சென்றான். கூகியோ அவனைவிடக் குறைந்த புள்ளிகள் பெற்றும் ஆங்கிலத்தில் தேறியதால் உயர்பள்ளிக்குச் சென்றார். ஏணியும் வாளும் ஒரே மொழியாய் இருந்த காலம் அது.

பிற்காலத்தில் கூகி தம் தாய்மொழிக்கே திரும்பினார். கிக்குயு நாடகமொன்றை ஊர் மக்களோடு சேர்ந்து மேடையேற்றியதன் பின், 1977 டிசம்பரில் விசாரணையின்றிச் சிறை வைக்கப்பட்டார். அங்கே மலகூடத் தாளில் கிக்குயு மொழியில் அவர் எழுதிய நாவல் ஆங்கிலம் வழியே தமிழுக்கும் வந்தது. 'சிலுவையில் தொங்கும் சாத்தான்' என்பது அதன் பெயர். அமரந்தாவும் சிங்கராயரும் மொழிபெயர்த்தனர். கூகி 2025 மே மாதம் மறைந்தார்.

அவ்வாறாயின் தோட்டத்துப் பிள்ளை ஆங்கில இலக்கியம் கற்பது தவறோ என நேயர் சிலர் வினவலாம். தவறன்று. ஆங்கிலத்தில் தேறாத பிள்ளைக்குப் பல வாயில்கள் அடைபடும் என்பது இந்நாட்டிலும் கண்கூடு. பெலிகுல்ஓயாவில் உள்ள சபரகமுவப் பல்கலைக்கழகம் தோட்டத்து லயங்களிலிருந்து தொலைவில் இல்லாவிடினும், அதன் வாயிலுக்குச் செல்லும் வழி நீண்டது. ஆயினும் ஆங்கிலத்துக்கு விலையாகத் தமிழைக் கொடுக்கவேண்டியதில்லை. வகுப்பில் முதலில் கதையைத் தமிழில் சொல்லி, அணியைத் தமிழ்ப் பெயரால் இனங்கண்டு, பின்னர் ஆங்கிலத்தில் எழுதப் பழக்கும் ஆசிரியர் நேரத்தை வீணாக்குபவர் அல்லர். பிள்ளை தனக்கு விளங்கிய பொருளுக்குச் சொல் தேடுகிறது. குறிப்பேட்டை மனனஞ் செய்த பிள்ளையோ சொல்லை வைத்துக்கொண்டு பொருளின்றித் தவிக்கிறது. குறிப்பேடு விற்போர்க்கு இதனாற் சிறிது நட்டம் நேரலாம். அதற்காக வருந்துவார் எவரும் இலர்.

ஒன்று மட்டும் நினைவில் இருத்தல் வேண்டும். பரீட்சகர் கேட்பது கவிதையைப் பற்றி, தோட்டத்தைப் பற்றியன்று. லயத்து அனுபவம் கவிதைக்குள் நுழையும் வாயிலாகலாம். விடைத்தாளில் சான்றாக நிற்கவேண்டியது கவிதையின் சொல்லே. மேலும், ஒகாரா 1964இல் வெளியிட்ட 'குரல்' என்னும் நாவலில் தம் இஜோ மொழியின் சொற்றொடர் அமைப்பை ஆங்கிலத்துள் புகுத்திப் புதுநடை கண்டார். அந்த உரிமையைப் பரீட்சை மண்டபத்தில் எடுத்துக்கொள்ள முயல்வது புத்திசாலித்தனம் ஆகாது.

ஆங்கிலத்தில் எழுதியவர் ஒருவர் மலையகத்திலேயே இருந்தார் என்பதையும் இம்மாணவர்க்குச் சொல்லலாம். நுவரெலியா மாவட்டத்துப் பூண்டுலோயாவில் மடகும்புரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்தவர் சி.வி. வேலுப்பிள்ளை. 1947இல் தலவாக்கொல்லைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றத்துக்குத் தெரிவானவர், 1984இல் மறைந்தார். தேயிலைத் தோட்டத்தைப் பற்றி அவர் பாடிய ஆங்கில நெடுங்கவிதை 1954இல், ஆச்சிபியின் நாவலுக்கு நான்கு ஆண்டுகள் முன்னரே, நூலாக வந்தது. சக்தீ அ. பாலையா அதனைத் தமிழாக்கினார். அக்கவிதையில் விடியற்காலைப் பறை ஒலிக்கிறது. ஒகாராவின் 'பியானோவும் பறைகளும்' என்னும் கவிதையிலும் விடியற்காலையில், ஆற்றங்கரையில், பறை ஒலிக்கிறது. ஒகாராவுக்கு அவ்வோசை வேட்டையும் ஈட்டியும் முன்னோரும் நிறைந்த பழைய வாழ்வின் அழைப்பு. எதிரே ஒலிக்கும் பியானோ தொலைதேசத்து நாகரிகத்தின் சிக்கல்; இரண்டுக்கும் நடுவே அவர் ஆற்றங்கரை மூடுபனியில் வழி தெரியாது நிற்கிறார். தோட்டத்துப் பறையோ கூலியாட்களைப் பிரட்டுக்களத்துக்கு எழுப்பிய பறை. ஆனால் காமன்கூத்துக்கு அடித்ததும், இழவு வீட்டில் அடித்ததும் அதே தப்புத்தான். வேலைக்கு விரட்டிய கருவியும் ஊரைக் கூட்டிய கருவியும் ஒன்றாயிருக்கையில் அது எதற்குக் குறியீடு என்னும் வினாவுக்கு, இறக்குவானையிலோ எட்டியாந்தோட்டையிலோ பாட்டியிடம் கேட்டு வந்து எழுதும் மாணவியின் விடை எந்தக் குறிப்பேட்டிலும் இராது.